பத்து நிமிடம்

எங்கள் சின்னக் காரின் பெட்டரி பலவீனமாக இருந்தது. தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கும்படி கட்டுகஸ்தோட்டையிலுள்ள மெக்கானிக் சொல்லியிருந்தார். அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன், மழையென்றாலும் தவறவிட்டதில்லை.

“கோயிலுக்குக்கூட இவ இப்படி நேரத்துக்குப் போகமாட்டா,” என்று கேலி செய்வார் என் கணவர் ஸ்ரனிஸ்லாஸ்.

இன்று அவரே புதுப் பெட்டரி வாங்கி வந்து பூட்டினார்.

“அனற், இனி நீ கஷ்டப்படத் தேவையில்ல. ஒரு வாரம் சும்மா நின்னாலும் ஸ்டார்ட் ஆகும்.”

“இருந்தாலும் நான் தெனமும் போட்டு வைக்கிறேனேங்க.”

“எதுக்கு, பெட்ரோல் வீணா?” சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இறந்துபோன மகனின் முப்பத்தோராம் நாள் பூசையோடு, இந்த வீட்டில் இனி யாரும் அழக்கூடாது என்று சொன்னவர் அவர். கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால், எஞ்சின் சத்தத்தில் என் அழுகை வீட்டுக்குள் கேட்டதேயில்லை.