குடைக்கம்பித் திறப்பு

"டேய், இதென்னடா கையில?"

குலசிங்கம் போட்ட சத்தத்தில் அபூதாஹிரின் மடியில் கிடந்த அரம் நிலத்தில் விழுந்தது. நேற்று வரை அண்ணன் முறை வைத்து வாய் நிறையக் 'காக்கா' என்று கூப்பிட்டவன்தான். இன்றைக்கு டேய்!

குடை திருத்துகிறவரின் கையில் குடைக்கம்பி இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இந்தக் கம்பியின் நுனி வளைத்து, தட்டையாக்கி, சாவி போலப் பல் வைத்து அராவப்பட்டிருந்தது.

"கள்ளத் திறப்பு!" என்று கத்தினான் குலசிங்கம். "பிடிச்சிட்டன்! இவ்வளவு நாளும் களவெடுத்த ஆளைப் பிடிச்சிட்டன்!"

யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டு இன்னும் மாதமாகவில்லை. பாதிச் சனம் வீடுகளைப் பூட்டிவிட்டு, தோணியேறிச் சம்பூருக்கும் கட்டைபறிச்சானுக்கும் ஓடிவிட்டது. பூட்டிய வீடுகளில் ஒவ்வொன்றாகக் களவு போனது. அந்தத் தெருவுக்கு வார்டன் குலசிங்கம். சங்கு ஊதினால் சனத்தைப் பதுங்கு குழிக்குள் இறக்குவதும் அவன் பொறுப்பு, பூட்டிய வீடுகளைப் பார்ப்பதும் அவன் பொறுப்பு. களவுக்கு மேல் களவு போக, ஊர் அவன் முகத்தில் காறித் துப்பாத குறை. அந்த ஆத்திரம் முழுவதும் இப்போது அபூதாஹிரின் தலையில் இறங்கியது.

சத்தம் கேட்டு மிச்சமிருந்த சனம் கூடியது.

"பிடியைப் பாருங்கோ, பிடியை!" குலசிங்கம் கம்பியைத் தூக்கிக் காட்டினான். "மரத்துண்டு, அதுக்கு மேல சீலை, அதுக்கு மேல சைக்கிள் ரியூப். பெருவிரல் வைக்கப் பள்ளம் வேற! கள்ளனுக்குக் கை நோகக் கூடாதாம்!"

சனம் சிரித்தது.

"வெறுங்கம்பி விரலை வெட்டும், தம்பி," என்றார் அபூதாஹிர். "மரப்பிடி மட்டும் போட்டுப் பார்த்தனான், வழுக்குது. பிடிக்கிற கை புண்ணான கை. இறுக்கி முறுக்க ஏலாது. பிடி தடிப்பா, மெத்தெண்டு இருந்தாத்தான் திரும்பும்."

"ஆரின்ர கை?"

அபூதாஹிர் குனிந்து, விழுந்த அரத்தை எடுத்தார்.

"ஆருக்குச் செய்தனி? சொல்லடா!"

குலசிங்கத்தின் கை நீண்டது. அறை விழுந்த சத்தத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஐம்பது வயது மனிதரின் தொப்பி தெருவில் கிடந்தது.

"பொலிசில குடுக்கிறதெண்டாக் குடுங்கோ," என்றார் அவர் மெல்ல. "ஆரெண்டு சொல்ல மாட்டன்."

"யுத்த காலத்தில பூட்டின வீட்டை உடைச்சா என்ன நடக்குமெண்டு தெரியுமோ? மறியல்ல கம்பி எண்ணுறதுதான்! இனி நீ பெண்சாதி பிள்ளையைக் கண்ட மாதிரித்தான்!"

அபூதாஹிர் தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்தார்.

மீன் விற்கும் கதிரவேல்தான் வழி சொன்னான். "எந்த வீட்டுக்குச் செய்ததெண்டு போட்டுப் பார்த்தாத் தெரியுந்தானே!"

அபூதாஹிரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குலசிங்கம் முன்னே நடந்தான். வள்ளியம்மா வீட்டுக் கதவு. கம்பி துவாரத்துக்குள் போனது, பூட்டு அசையவில்லை. அடுத்த வீடு. அதுவும் இல்லை. கம்பி நீளம் போதாமல் கட்டையாக இருந்தது. கதவுப் பலகையின் தடிப்பைத் தாண்டி, உட்பக்கம் பொருத்தியிருந்த பூட்டுக்கு அது எட்டவே இல்லை. எட்டாத ஒவ்வொரு கதவுக்கும் குலசிங்கத்தின் கோபம் ஒரு படி ஏறியது.

"வார்டன் ஐயா, இனி மிச்சம் உங்கட வீடுதான்," என்றான் கதிரவேல்.

"என்ர வீட்டிலயோ கை வைக்கப் பார்த்தனி?"

அந்த வீடும் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் ஆளில்லாத வீடல்ல. குலசிங்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் மனைவி இரத்தினேஸ்வரியை உள்ளே விட்டு வெளியால் பூட்டிக்கொண்டு போவான். ஊர் நிறையப் பட்டாளமும் கப்பற்காரரும் திரிகிற காலத்தில், பெண்சாதியை இப்படிக் காப்பாற்றுகிறவன் தான் ஒருவன்தான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

கம்பியைத் தன் கதவிலும் ஓங்கிக் குத்தித் திருகினான். எட்டவில்லை.

"ஒரு பூட்டுக்கும் எட்டாததைச் செய்து வைக்க உனக்கென்ன விசரோ?"

அபூதாஹிர் இப்போதுதான் பதறினார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, விட்டிடுங்கோ. ஓம், நான்தான் கள்ளன். எல்லா வீட்டிலயும் நான்தான் எடுத்தனான். வாங்கோ, பொலிசுக்குப் போவம். இந்த வாசல்ல நிற்க வேண்டாம்."

"பார்த்தீங்களோ! ஒரு அறையோட உண்மை வந்திட்டுது!"

அப்போது யன்னல் திறந்தது.

கம்பிகளுக்கு வெளியே இரத்தினேஸ்வரியின் கை நீண்டது. ஒரு விரலிலும் முழு நகம் இல்லை. நுனிகளில் சீலைத் துண்டு சுற்றியிருந்தது. திருவலையில் தேங்காய் துருவும்போது கிழித்ததென்று அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

"அந்த மனிசனை விடுங்கோ," என்றாள். "அதை இஞ்ச தாங்கோ. உள்ளுக்கிருந்து போட்டாத்தான் எட்டும்."

"உனக்... உனக்கென்னத்துக்கு இது?"

"குண்டு விழுந்த அண்டைக்கு விசில் ஊதி ஊதி இந்தத் தெருவையே குழிக்குள்ள இறக்கினீங்கள். நான் இந்தக் கதவைப் பிறாண்டிக்கொண்டு நிண்டனான். திறப்பு உங்கட சட்டைப் பைக்குள்ள கிடந்தது."