அஞ்சுக்கு ஒரு மைல்

"மின்னுன ஒடனே எண்ண ஆரம்பிக்கணும் ஆத்தா. அஞ்சு எண்ணி இடிச்சா ஒரு மைலு, பத்து எண்ணி இடிச்சா ரெண்டு மைலு" என்றார் அடைக்கலம்.

செவந்தி கொட்டகைக் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே, அவர்கள் கொல்லையில் கிணறு பாதி வெட்டிக் கிடந்தது. பாறைக்கு வெடி வைக்க வெளியூரிலிருந்து வந்தவர் அடைக்கலம். சமஸ்தானத்துக் காலத்திலிருந்தே திரியைக் கொளுத்திவிட்டு, எண்ணிக்கொண்டே ஓடிப் பிழைத்த மனுஷர். அவர் கணக்குத் தப்பாது என்று பேர். கொஞ்சம் மண்டைக்கனம்தான், முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பவே மாட்டார்.

அவள் புருஷன் ராசுவுக்கு நிலைகொள்ளவில்லை. பொட்டலுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் ஜோடி மாடும் கட்டிக் கிடந்தது. அது போனால் ஏர் இல்லை, சோறும் இல்லை.

"அவுத்துட்டு வந்துர்றேன்" என்று கையைக் காட்டினான்.

"வேணாங்க. பெரியவரு சொல்லட்டும்."

மின்னியது. அடைக்கலம் வானத்தைப் பார்க்காமல், செவந்தியின் முகத்தையே பார்த்தபடி விரல்களை மடக்கினார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இடி இடித்ததும் துள்ளி விழுந்து, "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்றாள்.

"ஏழு. ஒண்ணரை மைலுகூட இல்ல. போகாத தம்பி."

ராசு எரிச்சலை அவள் மேல் காட்டினான். "இடிச்சா ஒரு மொழம் துள்ளுறா. அர்ச்சுனன் என்ன ஒனக்குத் தாய்மாமனா, ஓடியாந்து காப்பாத்த? வெளியூரு மனுசன் சிரிக்கப் போறாரு."

செவந்திக்கு மானம் போயிற்று. அடுத்த மின்னலுக்கு முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். இடி உருண்டு ஓய்ந்தது. அடைக்கலத்தின் விரல்கள் மட்டும் மடங்கிக்கொண்டே இருந்தன.

"இருபத்தஞ்சு! அஞ்சு மைலுக்கு அங்கிட்டுப் போயிருச்சு. போயி அவுத்துட்டு வா தம்பி."

முன்னாலேயே இடித்துவிட்டதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வெடிக்காரர் கணக்குக்கு முன்னால் தன் புத்தி என்ன புத்தி என்று பேசாமல் இருந்துவிட்டாள். ராசு அதற்குள் பொட்டலில் பாதி தூரம் ஓடியிருந்தான்.

அவன் மாட்டை எட்டிய நேரம், வானம் வெள்ளையாகப் பிளந்தது. கூடவே இடி. செவந்தி கண்ணைத் திறந்தபோது புளியமரம் புகைந்துகொண்டிருந்தது. அதன் அடியில், மாடுகளுக்கு நடுவே ராசு குப்புறக் கிடந்தான். முந்தானையைக் கடித்த வாயோடு கல்லாய்ச் சமைந்து நின்றாள்.

பொட்டலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்து நின்ற அடைக்கலம் நிதானமாக விரலை மடக்கினார்.

"பதினொண்ணு... பன்னெண்டு... பயப்படாத ஆத்தா, இன்னும் இடிக்கவே இல்ல பாரு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது: வெடிச் சத்தத்தில் என்றைக்கோ செத்துப்போன அந்தக் காதுகளுக்கு, இவ்வளவு நேரமும் அவள் வாயில் தெரிந்த 'அர்ச்சுனா'தான் இடி.