மூப்பருக்கு ஒரு டிராகன்

செத்தவர் என்ன வேலை பார்த்தார் என்பதுதான் அஷாங் முதலில் கேட்கும் கேள்வி. அக்ராவை அடுத்த டெஷியில் சவப்பெட்டிப் பட்டறை வைத்திருப்பவர் வேறு எதைக் கேட்பார்? மீனவருக்கு மீன், மிளகாய் விற்றவளுக்கு மிளகாய், வேன் ஓட்டியவருக்கு வேன். பெட்டி அந்த வடிவத்தில் இருந்தால்தான் உறவுக்காரர்களுக்கு மனம் நிறையும்.

அன்று வந்த ஒக்போட்டி அந்தக் கேள்விக்குத் தலையைச் சொறிந்தான்.

“சாகலை மாஸ்டர். இன்னும் இருக்காரு.”

அஷாங் உளியைக் கீழே வைத்தார். உயிரோடு இருப்பவருக்கு அவர் வீட்டு ஆட்களே பெட்டி சொல்வது டெஷியில் யாரும் செய்யாத காரியம். சாவை வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைப்பது மாதிரி.

யாருக்கு என்று விசாரித்தபோது விஷயம் இன்னும் மோசமானது. ஒக்போட்டியின் மாமா லார்யாவுக்காம். லார்யா தேவாலயத்தில் மூப்பர். பிள்ளை இல்லாதவர். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீடு திரும்பிப் படுத்திருக்கிறார். அவருக்குப் பின் அந்த மாடி வீடு ஒக்போட்டிக்குத்தான் என்று ஊருக்கே தெரியும்.

மூப்பர் என்றால் பைபிள் வடிவம்தான், வேறெதையும் தேவாலயத்துக்குள் விடமாட்டார்கள் என்றார் அஷாங். ஒக்போட்டி பைபிள் வேண்டாம் என்றான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய நாவலை எடுத்து அட்டையைக் காட்டினான். தோல்துண்டு கட்டிய தடியன் ஒருவன் வாளை ஓங்கி நிற்கிறான். எதிரே மண்டையோட்டுக் கோலோடு மந்திரவாதி. நடுவில் ஒரு பச்சை டிராகன்.

“இது மாதிரி வேணும் மாஸ்டர். செதில் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியணும். வாலைச் சும்மா நீட்டி விட்டுடாதீங்க, சுருண்டிருக்கணும்.”

“உங்க மாமாவுக்கு இது தெரியுமா?”

“அவரை இதுல இழுக்காதீங்க. மாமி காதுல விழவே கூடாது. ஞாயித்துக்கிழமை மாமி கோவிலுக்குப் போனதும் வந்து எடுத்துக்கறேன்.”

ஒக்போட்டியின் பைத்தியம் ஊரறிந்தது. வாளும் மாயமும் கலந்த படம் எது வீடியோ கொட்டகைக்கு வந்தாலும், மறுநாள் அதன் காஸெட் அவன் கையில் இருக்கும். டெமா துறைமுகத்துக்குப் போய், கப்பல்காரர்கள் படித்துப் போட்ட நாவல்களைப் பொறுக்கி வருவான். மாவு மூட்டைத் துணியில் வரைந்த சினிமா விளம்பரப் படங்களைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வருவான்.

லார்யாவோ, போன வருடம் அதே கொட்டகை வாசலில் ஒலிபெருக்கியோடு நின்று, இதெல்லாம் சாத்தானின் படம், பார்ப்பவன் நேரே நரகத்துக்குத்தான் போவான் என்று முழங்கியவர். மருமகன் சேர்த்து வைத்திருந்த துணிப்படங்களை எரிக்கப்போவதாகச் சொல்லி மொத்தமாக அள்ளிப் போனவர்.

அப்படிப்பட்ட மனிதரை டிராகனுக்குள் போட்டு அனுப்பப் பார்க்கிறான். பழிக்குப் பழி, கூடவே வீடு. அஷாங்குக்கு அப்படித்தான் பட்டது. தான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், தப்பானால் ஒரு வாடிக்கை போய்விடும் என்று இன்னொரு பக்கம் யோசித்து, வேலையையும் தொடங்கினார். செதில் செதுக்குவது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

லார்யா வீட்டுக்கு அடுத்தாற்போல் கென்கி என்கிற மக்காச்சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் விற்கிற பெண் வந்து பேச்சுக் கொடுத்தபோதுதான் அவர் உளியை வைத்துவிட்டுக் காது கொடுத்தார். மாமி கோவிலுக்குப் போன பிறகு ஒக்போட்டிதான் நோயாளியோடு இருப்பானாம். ஜன்னல் வழியே கத்தியோடு கத்தி மோதுகிற சத்தம் வருமாம். போன வாரம் யாரோ தொண்டை கட்டிய குரலில், “விடாதே, முடிச்சுடு அவனை” என்று கத்தியதைத் தன் காதால் கேட்டாளாம்.

அஷாங் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

ஞாயிறு காலை ஒக்போட்டி தள்ளுவண்டியோடு வந்தான். டிராகனைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. தடவிக்கூடப் பார்த்தான். அப்போது பாதி முடிந்த, வெங்காய வடிவச் சவப்பெட்டி ஒன்றுக்குப் பின்னாலிருந்து சார்ஜென்ட் அக்பெக்கோ எழுந்து வந்தார்.

“ஆள் சாகறதுக்கு முன்னாடியே பெட்டி எதுக்குடா?”

“சொல்ல மாட்டேங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யாருக்கு?”

ஒக்போட்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு நழுவப் பார்த்தான். சத்தியம் என்றால் இதில் கூட்டாளியும் உண்டு என்று சார்ஜென்ட் முடிவு கட்டி, அவனை லாக்கப்பில் தள்ளினார்.

பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே இதயம் பலவீனம். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று அஷாங்கையும் அழைத்துக்கொண்டு சார்ஜென்ட் கிளம்பினார். மாமி இன்னும் திரும்பவில்லை. லார்யா தலையணைகளில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ஜென்ட் உடம்பைப் பற்றி விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“மனசைத் திடமா வெச்சுக்கோங்க ஐயா. உங்க மருமகன் உங்களுக்குப் பெட்டி சொல்லியிருக்கான். அதுவும் டிராகன் பெட்டி. அவனைப் பிடிச்சு உள்ள போட்டுட்டோம்.”

லார்யா கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் நடுங்கின. அடுத்த மாரடைப்பு தன்னால்தான் வரப்போகிறது என்று அஷாங் பதறித் தண்ணீர் எடுக்க ஓடினார். பெரியவர் விரலை அசைத்து அவரை அருகே அழைத்தார். குனிந்த அஷாங்கின் கண்ணில் கட்டிலுக்கடியில் சுருட்டிக் கிடந்த துணிப்படங்களும் வாள் சண்டைக் காஸெட்டுகளும் பட்டன.

“தலை எத்தனை வெச்சே?”

“ஒண்ணுதாங்க ஐயா.”

லார்யா மெதுவாக சார்ஜென்ட் பக்கம் திரும்பினார்.

“மூணு தலைன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பயலை உள்ளயே வையுங்க.”