பத்து நிமிட இடைவேளை

"அந்தப் பேச்சை எடுத்துடுங்க! பதிவுல இருக்கக் கூடாது!"

அஞ்சலிக் கூட்டத்தின் நடுவே எழுந்து இப்படிச் சத்தம் போட்டவர் ஆரின். எங்கள் கோர்ட்டின் பழைய டவாலி. வயது எழுபத்தெட்டு.

எல்லோருக்கும் தர்மசங்கடமாகிவிட்டது. மேடையில் பேசிக்கொண்டிருந்த முன்னாள் அரசு வக்கீல் பிரெக்கி பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் எங்களுடையது சின்னக் கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் முதல் பெண் நீதிபதி மார்லிஸ் ட்வைட் போன மாதம் இறந்துபோனார். வழக்கப்படி அவர் உட்கார்ந்த நாற்காலியில் அவருடைய கறுப்பு அங்கியைப் போர்த்தி, கோர்ட்டிலேயே அஞ்சலி. இங்கே பேசுவது ஒவ்வொன்றும் பதிவாகும். காலத்துக்கும் கவுண்டி ஆவணத்தில் இருக்கும். பதிவு செய்வது நான். பத்தொன்பது வருஷம் அவருக்கு ஸ்டெனோவாக இருந்தவள்.

பிரெக்கி நன்றாகத்தான் ஆரம்பித்தார். அடி வாங்கிய பெண்கள் தங்க ஊரில் ஒரு வீடு வந்தது, ஏழைகளுக்கு இலவச வக்கீல் வந்தது, எல்லாம் ஜட்ஜம்மாவால்தான் என்றார். பிறகு அந்தப் பழைய ஜோக்கை எடுத்தார்.

"ஜட்ஜம்மாகிட்ட ஒரே ஒரு குறை. தண்டனை சொல்ற நேரம் வந்தா அவங்களால தாங்க முடியாது. 'பத்து நிமிஷம் இடைவேளை'ன்னுட்டு அங்கியோட கீழே ஓடிடுவாங்க! மாடியில அவங்களுக்குன்னு டாய்லெட் கட்டித் தரோம்னு கவுண்டியே கெஞ்சிச்சு. வேண்டாம்னுட்டாங்க. ஊர்வலம் போறது பிடிச்சிருந்துதோ என்னவோ!"

கோர்ட்டைக் கட்டியவர்கள் பெண் நீதிபதி வருவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. கோர்ட் நடப்பது மாடியில்; பெண்கள் கழிப்பறை கீழ்த்தளத்தில் மட்டும்தான். வக்கீல்களுக்கு இருபது வருஷமாக அலுக்காத ஜோக் இது. நானும் சிரித்துக்கொண்டே '(சிரிப்பு)' என்று அடித்தேன்.

அப்போதுதான் ஆரின் எழுந்து கத்தினார்.

"உட்காரு ஆரின். சும்மா ஒரு தமாஷ்" என்றார் பிரெக்கி.

"செத்துப்போனவங்க பேர்ல இதுவா நிக்கணும்? எடுங்க."

இப்போதைய நீதிபதி குறுக்கிட்டார். "காரணம் சொல்லாம எதையும் நீக்க முடியாது ஆரின்."

"சொல்ல முடியாது யுவர் ஆனர். அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அவங்கதான் போயிட்டாங்களே."

"நான் இன்னும் இருக்கேனே."

"பாவம், வயசாயிடுச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கோ எரிச்சல். நல்ல காரியத்தைக் கெடுக்க வந்தாரே மனுஷன்!

கடைசி வரிசையில் பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மெல்ல எழுந்தார்.

"வாக்குக் கொடுத்தது அவர்தான். நான் கொடுக்கலை" என்றார். "என் பேர் ஐலீன் குபாட். என் பையன் டேரிலுக்கு இங்கதான் பதினாறு வருஷம் போட்டாங்க."

பிரெக்கியின் முகம் மாறியது. அந்தப் பதினாறைக் கேட்டு வாங்கியவரே அவர்தான்.

"அதுக்கு முன்னாடி எட்டு மாசம் ஜெயில்ல கண்ணாடி வழியாத்தான் அவனைப் பார்த்தேன். தொட விடமாட்டாங்க. தீர்ப்பு அன்னிக்கு ஜட்ஜம்மா 'பத்து நிமிஷம்'னு எழுந்து கீழே போனாங்க. நீங்க எல்லாம் அவங்க போறதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அந்த நேரத்துல ஆரின் எங்களை அவங்க ரூமுக்குள்ள விட்டு, பையனோட விலங்கைக் கழட்டிட்டு, முதுகைக் காட்டி நின்னார்."

அந்த அம்மாள் அங்கி போர்த்திய நாற்காலியைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"மேஜை மேல ஜட்ஜம்மா ஒரு சீப்பு வெச்சிருந்தாங்க. அவன் தலையை வாரி விட்டேன். நாலாவது வருஷம் ஜெயில்லயே செத்துப் போனான். கைதானப்புறம் நான் அவனைத் தொட்டது அந்தப் பத்து நிமிஷம்தான்."

ஆரின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெளியே தெரிஞ்சா நிறுத்திடுவாங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. மாடியிலயே டாய்லெட் வந்துட்டா ரூமைக் காலியா விட்டுட்டுக் கீழே போக அவங்களுக்குச் சாக்கு ஏது?"

"எல்லாக் கேஸிலுமா?" என்று கேட்டார் நீதிபதி.

"அம்மா வந்தா அம்மா, பொண்டாட்டி வந்தா பொண்டாட்டி. யாருமே வராதவனோட என்னை உட்காரச் சொல்வாங்க."

பிரெக்கி தலையைக் குனிந்தபடியே கேட்டார். "மொத்தம் எத்தனை பேர், ஆரின்?"

"நான் எண்ணலை. அவங்களைக் கேளுங்க. ஒரு இடைவேளையைக்கூட விடாம பதிவுல அடிச்சது அவங்கதான்" என்று ஆரின் என்னைக் காட்டினார்.

அடித்தேன்தான், ஒவ்வொரு தடவையும் மற்றவர்களைப் போலவே சிரித்துக்கொண்டு.