பாதிச் சவரம்

ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது; மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவை ஒட்டிக் கிடக்கும் கைபேசி மறுபடி அதிர்ந்து பலகையில் நகர்கிறது. வக்கீல்தான். கடை வாசலில் நடந்த கைகலப்பில் ஒருவன் விழுந்து செத்ததற்குக் கீழ்க்கோர்ட் ஏழு வருஷம் போட்டது. அப்பீல் செய்து ஜாமீனில் வந்திருக்கும் சலூன்காரருக்கு மேல்கோர்ட்டில் இன்றைக்குத் தீர்ப்பு. "எடுத்துப் பேசுப்பா, எனக்கென்ன அவசரம்" என்கிறார், நாற்காலியில் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கடைத் தையல்காரர். "அசையாதீங்கண்ணே" என்கிறார் சலூன்காரர். தையல்காரர் அசையவேயில்லை. கத்தியின் முனையில் குழல்விளக்கின் வெளிச்சம்தான் நடுங்குகிறது. துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த சலூன்காரரின் மனைவி எழுந்து வந்து கைபேசியை எடுக்கிறாள். மகள் பரீட்சையில் பாஸானதைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவள் அவள். எந்த நல்ல சேதியும் அவள் வாயில் ஒரு நொடி தங்காது. "சொல்லுங்க சார்." மின்விசிறி கடகடக்கிறது. "ம்." தரையில் வெட்டிக் கிடக்கும் முடி சுழல்கிறது. "சரிங்க சார்." கைபேசியைப் பழையபடி பவுடர் டப்பாவை ஒட்டி வைக்கிறாள். சலூன்காரர் கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடுகிறார். அவள் மடித்த துண்டையே எடுத்து மறுபடி மடிக்கிறாள். "என்னம்மா சொன்னாரு?" என்கிறார் தையல்காரர், உதடு அசையாமல். அவள் கணவனைப் பார்த்து, "முதல்ல அண்ணனுக்கு முடிச்சு விடுங்க" என்கிறாள். சலூன்காரர் கத்தியைக் கீழே வைக்கிறார். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்துபோன கன்னத்தில் புதிதாக நுரை போடுகிறார்; போட்ட இடத்திலேயே, மெதுவாக, மறுபடியும் போடுகிறார்.