இனிஷியல் கேட்கும் கதவு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொள்ளவும் அவசரம், பிரியவும் அவசரம். பெற்றதுக்கு ஓர் எழுத்தை முடிவுபண்ண மட்டும் மாசக்கணக்கு ஆகிறது என்று பிரசவ வார்டு வாசலில் நின்று காத்தமுத்து முனகினார். பிரிந்த தாயும் தகப்பனும் தனித்தனி அறையிலிருந்து ஒரே இனிஷியலைச் சொன்னால்தான் அந்தக் கதவு குழந்தையை வெளியே விடும். மாதம் ஒரு தடவைதான் கேட்கும். பேத்திக்கு உள்ளேயே பல் முளைத்துவிட்டது.

இந்தத் தடவை அவரே இறங்கிவிட்டார். முதலில் மகள் மதிவதனியிடம் போனார். "அவன் மசிய மாட்டாம்மா. அவன் எழுத்தையே சொல்லித் தொலை." அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அவள் பேச்சு மாறிவிட்டால்? யாரையும் நம்பிப் பழக்கமில்லாத மனிதர், மருமகன் கோவேந்தனையும் வராந்தாவில் மடக்கினார். "அவ பிடிவாதம் தெரியும்ல மாப்ளே. அவ எழுத்தையே சொல்லிடுங்க."

மணி அடித்தது. மகள் "கோ" என்றாள். மருமகன் "ம" என்றான்.

"பொருந்தவில்லை. அடுத்த மாதம் முயலவும்" என்றது கதவு.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதிவதனி குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். "அப்பா, அவருகிட்ட என்னப்பா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொன்னேன்? ரெண்டு பேருமே விட்டுக்கொடுத்திருக்கீங்க. மனுசன் வாட்ச்மேனா இருந்தா இதுக்கே திறந்து விட்டிருப்பான்!"

பேத்தி உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினாள். காத்தமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பினார். இனிஷியல் உள்ளவர் என்பதால் தெருக்கதவு அவருக்கு உடனே திறந்தது.

"கோளாறு பிடிச்ச கதவு" என்று திட்டிக்கொண்டே நடந்தார்.