ஆற்றிய கூழ்

அவன் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தான். அடுப்பைக் குறைத்தே வைத்திருந்தான்.

குறைத்து வைப்பதுதான் அவனுக்குக் கஷ்டம். மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பதினோரு வருடமாக டீ போடுகிற கை அது. முந்தாநாள் தீயைக் கூட்டினான், கூழ் கட்டி தட்டியது. நேற்று அடிப்பிடித்தது. இரண்டையும் அவனே தின்றான்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து பத்து நாள். பத்து நாளாக வாயைத் திறக்கவில்லை. தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாமாம். கரண்டியைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

அவன் மனைவி ஷைனி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு மாதம் ஆனதும் ஏத்தங்காய்க் கூழ் கொடுங்கள் என்று ஊர்த் தாய்மாருக்கெல்லாம் சொல்லி அனுப்பியவள். அந்த நேந்திரங்காயைச் சீவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, இடித்து, துணியில் சலித்து, டப்பா நிறையப் பொடி வைத்திருந்தாள். சொந்த மகள் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை ஏழிலிருந்து இரண்டு வரை. அந்த நேரத்துக்குக் குழந்தை அவன் பொறுப்பு. அதற்காகவே கடையில் மாலை ஷிப்ட்டுக்கு மாறியிருந்தான்.

இன்று சனி. இன்றும் ஒரு வாய் இறங்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னபோது முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர்.

அம்மாவைக் கண்டால் குழந்தை பாலுக்கு அழும். அதனால் ஷைனி வீட்டுக்குப் பின்னால், துணிக்கொடியருகே போய் நின்றாள். கொடியில் துணி எதுவும் இல்லை. சும்மாதான் நின்றாள்.

அவன் கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றினான். கிண்டினான். இறக்கினான்.

அப்போதுதான் கவனித்தான்.

தண்ணீர் கூடிப்போயிற்று. கண்ணளவில் ஊற்றிய தண்ணீர், நாலு டீக்கான தண்ணீர். கூழ் கரண்டியில் நிற்கவில்லை.

ஆவி பறந்தது. அவன் யோசிக்கவே இல்லை. கை தானாகவே இரண்டு டம்ளரை எடுத்தது. ஒன்றில் கூழை ஊற்றித் தலைக்கு மேல் தூக்கியது.

கூழ் நீளமாக இறங்கியது.

தலையணையில் சாய்ந்திருந்த குழந்தை அண்ணாந்து பார்த்தாள்.

மறுபடி ஊற்றினான்.

கண்கள் கூடவே மேலே போயின. கூடவே கீழே வந்தன.

வாய் திறந்துகொண்டது.

அவன் விரலில் தொட்டுச் சூடு பார்த்தான். மெல்லக் கரண்டியை நீட்டினான்.

விழுங்கிவிட்டாள்.

உடனே வாயை மூடிக்கொண்டாள். ஆற்றினான், திறந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை ஆற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு ராங்கி பிடித்த வாடிக்கையாளர் அவனுக்குக் கடையில்கூட வாய்த்ததில்லை. சந்தோஷத்தில், பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தரையில் சிந்தினான்.

அழுகைச் சத்தம் கேட்காததால் ஷைனி கதவோரம் வந்தாள்.

குழந்தை அவள் பக்கம் திரும்பவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷைனி சிரித்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி ரெண்டு மணி வரைக்கும் என்னைத் தேடமாட்டா, இல்லியா?"

அவன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

டம்ளரில் ஒரு வாய்க் கூழ் மிச்சமிருந்தது. வயிறு நிறைந்துவிட்ட குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். டம்ளரை உயரத் தூக்கி, அந்த ஒரு வாயையும் ஆற்றினான்.

ஷைனி வாயைத் திறந்தாள்.